பள்ளிக்குச் செய்திமடல்: தாளாளர் பளபளவென்று கேட்கிறார், படிக்கப்போவது யார்?

கண்டனூர்_தமிழ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. ஆறு முதல் பத்து வரை நானூறு பிள்ளைகளுக்குள் படிக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் தாளாளர், ஜூனில் பள்ளி திறக்கும்போது செய்திமடல் ஒன்று வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். தமிழாசிரியை என்றால் இந்த மாதிரி வேலையெல்லாம் தானாக வந்து சேரும், உங்களுக்குத் தெரியாததில்லை.

அவர் கேட்பது இது: முழு வண்ணம், பளபளத் தாள், எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் நிறுவனர் படம், பிறகு தாளாளர் உரை, தலைமையாசிரியர் உரை, ஆண்டு விழாப் படங்கள், நன்கொடையாளர் பெயர்கள், முதல் மூன்று ரேங்க் எடுத்தவர்கள்.

எங்கள் பெற்றோர் பெரும்பாலும் கொத்து வேலை, டைல்ஸ் பட்டறை, கல்யாணச் சமையல், கடை என்று போகிறவர்கள். சில வீடுகளில் அப்பா சிங்கப்பூரில், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பத்தா. இவர்கள் இந்த எட்டுப் பக்கத்தில் எதைப் படிப்பார்கள்? அச்சடிப்பதா, வாட்ஸ்அப்பில் அனுப்புவதா? எந்த எழுத்துரு, பக்கத்தை நீளவாக்கில் எத்தனை பத்தியாகப் பிரிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குன்றக்குடி_கணக்கு எழுதியது:

டீச்சர், வீட்டு முகப்பில் அப்பச்சி படம் மாட்டலாம், தப்பில்லை. அடுப்படிக்குப் போகிற வழியை மறைத்து மாட்டுவதில்லை. நிறுவனர் படத்தை மடலின் பெயருக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில், கோட்டோவியமாகப் போடுங்கள். ஒவ்வொரு இதழிலும் அதே இடத்தில் வரும். தாளாளரிடம் 'ஒரு இதழோடு முடியாமல் எல்லா இதழிலும் வருகிறார்' என்று சொல்லுங்கள், சரி என்பார். எங்கள் பள்ளியில் அப்படித்தான் முடிந்தது.

அச்சுக்கூடம்_அண்ணன் எழுதியது:

காரைக்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பள்ளி வேலை நிறைய வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எட்டுப் பக்கம் வேண்டாம். ஏ3 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் ஏ4 அளவில் நாலு பக்கம் கிடைக்கும். பின் அடிக்கத் தேவையில்லை, பிள்ளையின் பையில் நோட்டுக்குள் நிற்கும். அதற்கு மேல் போனால் நாலு நாலாகத்தான் கூடும். ஆறு பக்கத்துக்குத்தான் விஷயம் இருக்கிறது என்றால் மீதி இரண்டை நிரப்ப ஆண்டு விழாப் படம்தான் வந்து உட்காரும்.

நானூறு பிரதிக்கு ஆப்செட், அதாவது பிளேட் செய்து அடிக்கிற பெரிய அச்சு, கட்டாது. பிளேட் செலவை ஆயிரம் இரண்டாயிரம் பிரதியில் பிரித்தால்தான் கணக்குச் சரியாக வரும். கலர் டிஜிட்டலில் எத்தனை அடித்தாலும் பிரதிக்கு அதே விலை. உங்களுக்கு ஏற்றது ரிசோ, பார்க்க ஜெராக்ஸ் மாதிரி இருக்கிற அச்சு இயந்திரம். பக்கத்துக்கு ஒரு மாஸ்டர் (மை இறங்குகிற அச்சுத் தாள்) வெட்டினால் போதும், பிரதி கூடக்கூட விலை இறங்கும். கறுப்போடு இன்னொரு நிறம் வேண்டுமென்றால் மை டிரம்மை மாற்றி இன்னொரு தரம் ஓட்டலாம். நல்ல நீலமோ சிவப்போ ஒன்று, தலைப்புக்கும் தேதிக்கும் மட்டும் வந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும்.

தாள் 80 ஜிஎஸ்எம் கனத்தில் மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத எழுது தாள். பளபளக்கிற ஆர்ட் பேப்பர் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், அதில் பேனாவால் எழுதினால் மை இழுவும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டிய சீட்டு ஏதாவது வைப்பீர்கள்தானே? அதற்கு மேப்லித்தோதான் சரி.

எழுத்து விஷயம் தனிக்கதை, கேட்டால் சொல்கிறேன்.

ரெண்டு_பிள்ளை_அம்மா எழுதியது:

நான் ஆசிரியை இல்லை, பெற்றோர். படிக்கலாம் என்றுதான் வந்தேன், ஆனால் சொல்லாமல் போக மனசில்லை.

என் பெரிய பையன் பள்ளியில் (வேறு ஊர், பெயர் வேண்டாம்) மடல் வரும். பளபளவென்றுதான் இருக்கும். வந்த அன்றே மாவு டப்பாவுக்கு அடியில் விரித்துவிடுவேன். காரணம், எனக்குத் தேவையான ஒன்று அதில் இருக்காது. காலாண்டுத் தேர்வு எந்தத் தேதி, பெற்றோர் கூட்டம் காலையா சாயங்காலமா, வருமானச் சான்று எப்போதைக்குள் கொடுக்க வேண்டும், இதெல்லாம் இன்னொரு அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். மடலில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துகிற படம் இருக்கும்.

எட்டாம் வகுப்பில் ஒரு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறதாம், பாஸ் பண்ணினால் பணம் வருமாம். அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. பையன் இப்போது ஒன்பதாவது.

பழைய_தலைமை எழுதியது:

அம்மா சொன்ன கடைசி விஷயத்தை டீச்சர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அது தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுவது. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கொத்து வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய தொகை! ஒரு மடலின் முதல் பக்கத்துக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியவில்லை.

அதையும் எப்படிப் போடுவது? 'தேர்வில் வென்ற மாணவர்க்குப் பாராட்டு' என்று முடிந்த பிறகு போடுவதுதான் நம் வழக்கம். மூன்று மாதம் முன்னாலேயே, யார் எழுதலாம், என்ன சான்று வேண்டும், பள்ளியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று போட்டால்தான் மடலுக்கு மரியாதை. ஒருமுறை பயன்பட்டுவிட்டால் அடுத்த இதழை அவர்களே பிள்ளையிடம் கேட்டு வாங்குவார்கள்.

தலைமையாசிரியர் உரையை நான் எழுதியிருக்கிறேன், பல ஆண்டு. ஒருவரும் படித்ததாகச் சொன்னதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஈப்போவாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து. எங்கள் ஐயா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம், ஆனால் நான் பத்தாவது வரை தேவகோட்டையில் படித்தவன். தாளாளர் பக்கம் கொஞ்சம் பேச வேண்டும் போலிருக்கிறது, எல்லோரும் அவரைக் காய்ச்சுகிறீர்கள்.

எங்களைப் போன்ற பழைய மாணவர்கள் பள்ளிக்குக் கழிவறை, கணினி என்று பணம் அனுப்புகிறோம். பணம் என்னவாயிற்று என்று தெரிய ஆசை இருக்காதா? நிறுவனர் படம், கட்டடப் படம் பார்த்தால் ஒரு சந்தோஷம். நாங்களும் பள்ளியின் ஆட்கள்தான். கூடவே ஒரு வேண்டுகோள், ஆங்கிலத்திலும் கொஞ்சம் போடுங்கள். என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

பழைய_தலைமை எழுதியது:

நீங்கள் கேட்பது நியாயம் தம்பி. ஆனால் உங்களுக்கும் கண்டனூர் அப்பத்தாவுக்கும் ஒரே தாளில் எழுத முடியாது. உங்களுக்கு வேண்டியது கணக்கும் கட்டடமும், அவருக்கு வேண்டியது தேதி. இரண்டையும் கலந்தால் எட்டுப் பக்கம் ஆகும், இரண்டு பேரும் படிக்க மாட்டார்கள். பழைய மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தனிக் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும், மின்னஞ்சலில். வரவு செலவு, முன்னும் பின்னுமாக இரண்டு படம். அதில் நிறுவனர் முழுப் பக்கம் வரட்டும், தாளாளர் உரையும் அதற்குத்தான் பொருத்தம். டீச்சர், தாளாளரிடம் 'குறைக்கிறேன்' என்று சொல்லாதீர்கள், 'இரண்டாகப் பிரிக்கிறேன்' என்று சொல்லுங்கள்.

ஈப்போவாசி எழுதியது:

அப்படியென்றால் சரி, ஐயா. கணக்கு வந்தால் போதும்.

கண்டனூர்_தமிழ் எழுதியது:

ஐயா, 'பிரிக்கிறேன்' என்ற வழி தாளாளரிடம் எடுபடும் என்று நினைக்கிறேன். அச்சுக்கூடம் அண்ணே, எழுத்துக் கதையையும் சொல்லிவிடுங்கள். எங்கள் கணினி ஆசிரியர் வேர்டில் அடித்துத் தருகிறேன் என்கிறார்.

அச்சுக்கூடம்_அண்ணன் எழுதியது:

சொல்கிறேன். பள்ளியிலிருந்து யூனிகோடில் (போன், கணினி எல்லாவற்றிலும் ஓடுகிற பொது எழுத்து முறை) அடித்து வரும். பல கடைகளில் பக்கம் அமைக்க இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள்தான், அதற்கு யூனிகோடு தெரியாது. பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது நடுவில் இருக்கிற ஆங்கிலச் சொல்லெல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடும், சில இடத்தில் ஒகர ஓகாரக் கொம்பு இடம் மாறி நிற்கும். கடைக்காரர் அவசரத்தில் பார்க்க மாட்டார். ஆகவே கடையில் முதல் கேள்வியே 'யூனிகோடில் வேலை செய்வீர்களா' என்பதாக இருக்கட்டும்.

இன்டிசைன் என்ற புதிய மென்பொருளிலும் சும்மா ஒட்டினால் 'கொ' உடைந்துதான் வரும். அதன் பாரா அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பல கடைக்காரர்களுக்கே இது தெரியாமல் 'இதில் தமிழ் வராது' என்று சொல்லி அனுப்புகிறார்கள். நீங்களே செய்வதென்றால் கேன்வா என்ற இணையதளம் போதும். ஆசிரியர் என்று சான்று காட்டினால் இலவசம். வேர்டு மாதிரியே இருக்கிற லிப்ரே ஆபீசிலும் நாலு பக்கம் அழகாகச் செய்யலாம்.

எழுத்துரு இரண்டுக்கு மேல் வேண்டாம். உள்ளே வருகிற செய்திக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை, தலைப்புக்கு முக்த மலர் அல்லது கேட்டமரன். எல்லாம் இலவசம். அளவு 12 புள்ளிக்கு (பாயிண்ட்) கீழே போகாதீர்கள், அப்பத்தா படிக்கிற வீடு என்றால் 13. வரி இடைவெளி ஒன்றரைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நம் எழுத்தில் மேலே விசிறி, கீழே சுழி, இடைவெளி குறைந்தால் மேல்வரி உகரமும் கீழ்வரி இகரமும் இடித்துக்கொள்ளும்.

பத்தி இரண்டு. ஆங்கிலப் பத்திரிகையைப் பார்த்து மூன்று பத்தி கேட்பார்கள். 'தலைமையாசிரியர்களுக்கான' என்று ஒரு சொல் வந்தால் அந்தப் பத்தியில் பாதி போய்விடும். இரண்டு பக்கமும் நேராக இழுத்துவிட்டால் சொல்லுக்குச் சொல் வெள்ளை இடைவெளி ஆறு மாதிரி ஓடும். இடது பக்கம் மட்டும் நேராக விடுங்கள், வலது பக்கம் எப்படியோ இருக்கட்டும்.

ரிசோவில் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வேண்டாம். மெல்லிய கோடெல்லாம் மை நிரம்பி அடைத்துவிடும். படமும் அப்படித்தான், மேடையில் ஃப்ளெக்ஸ் முன்னால் எடுத்த படத்தில் முகம் எல்லாம் கறுப்புத் திட்டு. ஜன்னல் பக்கத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது எடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், பெரிதாக.

குன்றக்குடி_கணக்கு எழுதியது:

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாதவர்களைக் குழந்தை என்கிறது, குழந்தையின் விவரத்தை இணையவழியில் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், வாட்ஸ்அப்பில் போன படம் எங்கே நிற்கும் என்று நமக்கே தெரியாது. சேர்க்கைப் படிவத்தோடு ஒரு தாள் கொடுத்துப் 'படம் போடலாம், போட வேண்டாம்' என்று டிக் வாங்கிவிடுங்கள். வேண்டாம் என்றவர்கள் பட்டியல் படம் எடுக்கிறவர் கையில் இருக்க வேண்டும், அலுவலக பீரோவில் இருந்தால் பயனில்லை. படத்துக்குக் கீழே முழுப் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள்.

ரேங்க் பட்டியலும் எனக்குப் பிடிக்காது. அந்த மூன்று பிள்ளை வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். மற்ற வீட்டில் அந்த மடலைக் காட்டித் திட்டு விழும்.

ரெண்டு_பிள்ளை_அம்மா எழுதியது:

திட்டு விழும், உண்மை. நானே திட்டியிருக்கிறேன். ஆனால் சார், ரேங்க் எடுத்த பிள்ளைக்கும் ஒரு ஆசை இருக்கும்தானே? பேர் அச்சில் வந்தால் அவர்கள் வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டுவார்கள்.

குன்றக்குடி_கணக்கு எழுதியது:

இருக்கும். பிரேயரில் கூப்பிட்டுக் கைதட்டலாம். மடலில் பேர் வர வேண்டுமென்றால் எழுதியதற்கும் வரைந்ததற்கும் வரட்டும், அப்போது ஒரு ஆண்டில் எல்லாப் பிள்ளை பேரும் ஒருமுறை வந்துவிடும். நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரிகிறது, சரி.

பழைய_தலைமை எழுதியது:

பிள்ளைகள் எழுதுவது பற்றி. நாம் எழுதுகிற செய்தி எப்படி இருக்கும் தெரியுமா? 'ஏழாம் வகுப்பு மாணவ மாணவியர் தாளாளர் அவர்களின் நல்லாசியுடனும் தலைமையாசிரியர் அவர்களின் சீரிய வழிகாட்டுதலுடனும் ஆத்தங்குடிக்குக் களப்பயணமாக அழைத்துச் செல்லப்பட்டனர். மாணவர்கள் கண்டு களித்துப் பயன் பெற்றனர்.' தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடி இதில் எங்கே இருக்கிறது? ஊர் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த ஊரைப் போட்டாலும் செய்தி அப்படியே நிற்கும்.

இதே பயணத்தை ஒரு பிள்ளையிடம் கேட்டு எழுத வைத்தால் இப்படி வரும்:

'ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கலர்ச் சிமெண்டை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினாலும் கலர் கலக்கவில்லை. மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் கலவை போட்டு அமுக்குகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி தனியாக வந்துவிடுகிறது. கண்ணாடி பட்ட பக்கம்தான் வழவழப்பு. என்னையும் ஊற்றச் சொன்னார்கள். என் கல்லில் பச்சை சிவப்புக்குள் போய்விட்டது.'

பட்டறையில் வேலை பார்க்கிற அப்பா இதைப் படிப்பாரா மாட்டாரா? படித்துவிட்டு 'அது கலவை தண்ணியாயிருக்கும்' என்று திருத்தமும் சொல்வார். அவர் சொன்னதை அடுத்த இதழில் போடுங்கள். பிள்ளை எழுதியதில் எழுத்துப்பிழையை மட்டும் திருத்த வேண்டும். 'கலர்' என்றால் கலராகவே இருக்கட்டும், 'வண்ணக் குழம்பு' ஆக்கிவிடாதீர்கள். தமிழாசிரியை கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்.

கண்டனூர்_தமிழ் எழுதியது:

(கை சும்மா இருக்காதுதான், ஐயா. 'கலர்' கொஞ்சம் உறுத்துகிறது. விட்டுவிடுகிறேன்.)

வாட்ஸ்அப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே? தாளாளரின் மகன் 'அச்சே தேவையில்லை, பிடிஎஃப் அனுப்புங்கள்' என்கிறார்.

ரெண்டு_பிள்ளை_அம்மா எழுதியது:

பிடிஎஃப் வந்தால் திறக்கவே மாட்டேன். விரலால் பெரிசு பண்ணி, இடம் வலம் தள்ளி, அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். போனும் பாதி வீட்டில் அப்பாவிடம்தான் இருக்கும், அவர் வேலையில் இருப்பார். தாள் என்றால் அலமாரிக் கதவில் ஒட்டலாம்.

அச்சுக்கூடம்_அண்ணன் எழுதியது:

ஏ4 பக்கத்தைப் போனில் அனுப்பினால் 12 புள்ளி எழுத்து எறும்பு அளவுக்குத்தான் தெரியும். போனுக்கு என்று அனுப்பினால் ஒரே பத்தியாக, பெரிய எழுத்தில் தனியாகச் செய்ய வேண்டும். படத்தை அப்படியே போட்டால் வாட்ஸ்அப் நசுக்கிவிடும், டாக்குமெண்டாகப் போட்டால் தெளிவாக இருக்கும்.

ஆனால் தேதிகளைப் படமாக அனுப்பவே அனுப்பாதீர்கள். வெறும் எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள். எழுத்தாக இருந்தால் பிறகு 'காலாண்டு' என்று தேடினால் கிடைக்கும், சிங்கப்பூரில் இருக்கிற அப்பாவுக்குத் தள்ளிவிடலாம், போனே வாசித்தும் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு டீச்சர் குரலிலேயே ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்கள். என் கருத்து: மடல் தாளில், தேதி மட்டும் போனிலும்.

பழைய_தலைமை எழுதியது:

தாள் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகத்தோடு துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, 1994-ல் அந்தச் சேகரிப்பு சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாகிவிட்டது. நம் ஊரில் ஒருவர் குப்பை என்று தள்ளாமல் வைத்ததால் நடந்தது. உங்கள் மடலிலும் ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு பிரதியைப் பள்ளி நூலகத்தில் கட்டி வையுங்கள். இதழ் எண், மாதம், ஆண்டு முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், பல பள்ளிகள் ஆண்டைப் போட மறந்துவிடுகின்றன.

எத்தனை இதழ் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மாதம் ஒன்று என்று ஆரம்பித்தால் ஆகஸ்டோடு நின்றுவிடும். ஜூன், காலாண்டு விடுமுறை முடிந்து ஒன்று, பொங்கல் முடிந்து ஒன்று, ஏப்ரலில் ஒன்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற வாரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள், பாதி வீடு பூட்டியிருக்கும்.

குன்றக்குடி_கணக்கு எழுதியது:

நாலு இதழ் குறைவு ஐயா. மூன்று மாதத்தில் தேதியெல்லாம் பழசாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒன்று, இரண்டே பக்கம் என்றாலும் பரவாயில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், கல்வி உரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் முடிவானது என்ன என்று மற்றப் பெற்றோருக்கு யார் சொல்வது? அதற்கு ஒரு பெட்டி போட்டால் போதும்.

கண்டனூர்_தமிழ் எழுதியது:

தாளாளரைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய மாணவர் கடிதம் தனியாக என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பளபளத் தாள் உண்டா என்று மட்டும் கேட்டார். மடல் நாலு பக்கம், ரிசோ, கறுப்போடு நீலம், ஆண்டுக்கு நாலு என்று ஒப்புக்கொண்டார் (கணக்கு சார் மன்னிக்க, நடுவில் வருகிற தேதிகள் வாட்ஸ்அப்பில்). ரேங்க் பட்டியல் மட்டும் போகவில்லை. ஏப்ரல் இதழில் மட்டும் வருமாம்.

முதல் பக்கத்தின் மேல்பாதியை எழுதிப் பார்த்தேன்:

'எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு: ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் உதவித்தொகைத் தேர்வு வருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் உங்கள் பிள்ளை எழுதலாம். வருமானச் சான்றுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். சந்தேகம் இருந்தால் எட்டாம் வகுப்பு ஆசிரியரைச் சாயங்காலம் நாலரை மணிக்குப் பார்க்கலாம். வர முடியாதவர்கள் கீழே உள்ள சீட்டை நிரப்பிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.'

ரெண்டு_பிள்ளை_அம்மா எழுதியது:

புரிகிறது டீச்சர். நாலரைக்கு நான் வேலையில் இருப்பேன், அதனால் சீட்டு நல்லது. காலையில் பிள்ளையை விட வரும்போது பார்க்கலாம் என்றும் சேர்த்தால் இன்னும் சிலர் வருவார்கள்.

அச்சுக்கூடம்_அண்ணன் எழுதியது:

சீட்டை முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். வெட்டினால் பின்னால் இரண்டாம் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும். நாலாம் பக்கத்தின் கீழ் மூலையில் வையுங்கள், முதல் பக்கத்தில் 'சீட்டு கடைசிப் பக்கத்தில்' என்று ஒரு வரி போதும். அதற்கு நேர் பின்னால் மூன்றாம் பக்கத்தில் வருகிற இடத்தில் பிள்ளை எழுதியது எதுவும் இருக்கக் கூடாது, பள்ளி முகவரி மாதிரி ஏதாவது போட்டு விடுங்கள். வெட்டுகிற கோடு புள்ளிக்கோடாக, கத்தரிக்கோல் படத்தோடு. மெய்ப்பு (சரிபார்க்கிற பிரதி) எடுத்ததும் ஒரு பிரதியை நிஜமாகவே வெட்டிப் பார்த்துவிட்டு மாஸ்டருக்குக் கொடுங்கள்.